ரோஸ்டரில் பச்சை, கண்ணில் நித்திரை: ஒரு ஸ்டாண்ட்பை அழைப்பின் நிகழ்வு ஆய்வு

ஒரு வெள்ளிக்கிழமை இரவு 7:35க்கு, ஸ்டாண்ட்பையில், அதாவது கூப்பிட்டால் வந்து பறக்கத் தயாராக, இருந்த ஒரு விமானிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. நாலு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு விமானம் மூன்றரை மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டது, ஒரு கப்டனின் கோப்பில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் ஏறியது, ஒரே மாவட்டத்துக்காரர் இருவர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். அந்த அழைப்பில் யார் பிழை என்று இரண்டு பக்கத்திலும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சொன்னது உண்மைதான். பிழை அந்த அழைப்புக்கு எட்டு மாதம் முன்னமே நடந்து முடிந்திருந்தது.

இருவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வராது. வழித்தடத்தையும் கிழமையையும் மாற்றியிருக்கிறேன். மணிக்கணக்கை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்தச் சங்கதியே மணிக்கணக்குத்தான். நானும் வளைகுடாவில் பல வருடம், விமானிகளுக்குப் போன் போட்டு வேலைக்கு அழைக்கும் க்ரூ கொன்ட்ரோல் மேசையில் இருந்துவிட்டு இப்போது கொக்குவிலில் இருக்கிறவன். மேசைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கும். வாசிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கப்டன் கோண்டாவில்காரர், நாற்பதைத் தாண்டியவர். மனைவி பிள்ளைகள் ஊரில். நீர்கொழும்பில் ஒரு வீட்டு மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கிக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பறக்கிறார். மேசையில் இருந்தவர் சாவகச்சேரிப் பொடியன், முப்பது வயது. பதிவாகும் தொலைபேசியில் இருவரும் ஆங்கிலம். மற்ற இடங்களில் ‘அண்ணை’, ‘தம்பி’. அன்று பதிவாகும் தொலைபேசியிலேயே தமிழ் வந்துவிட்டது. விஷயம் சூடாகிவிட்டதற்கு அதுவே அடையாளம்.

மூன்று நாள்

கப்டன் தொடர்ந்து நாலு இரவு பறந்துவிட்டுப் புதன்கிழமை காலை 6:20க்கு டியூட்டி முடித்தார். அடுத்த வேலை வெள்ளி காலை 10 மணிக்குத் தொடங்கும் ஸ்டாண்ட்பை. இடையில் 51 மணி 40 நிமிடம், இரண்டு முழு இரவுகள். இந்தியாவில் இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் வாராந்த ஓய்வு விதி 48 மணித்தியாலம் கேட்கிறது. அந்தக் கணக்குக்குக்கூட இது தாராளம்.

அந்த 51 மணித்தியாலம் எப்படிப் போனது என்று பார்ப்போம். புதன் காலை அறைக்கு வந்து எட்டு மணிக்குப் படுத்தவர் பதினொன்றரைக்கு எழும்பிவிட்டார். இரவெல்லாம் விழித்திருந்த உடம்பு பகல் வெளிச்சத்தில் அதற்குமேல் நித்திரை கொள்ளாது. அடுத்த நாள் நல்லூர்த் தேர். இரவு ஒன்பதரைக்கு, வெள்ளவத்தையிலிருந்து புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் நீர்கொழும்பில் ஏறினார். அந்த பஸ்களில் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: கண் அயர்கிற நேரம் பார்த்து ஏதாவது சாப்பாட்டுக் கடையில் நிற்பாட்டுவார்கள், உள்ளே லைட் முழுவதையும் போடுவார்கள், பக்கத்து சீற் அம்மா ‘தம்பி, ஒருக்கா வழி விடும்’ என்பார். எல்லாம் சேர்த்து மூன்று மணித்தியாலம் கண்மூடியிருப்பார். வியாழன் விடியமுன் இறங்கி, குளித்து வேட்டி கட்டி நேரே தேரடி. மத்தியானம் வீட்டில் ஆட்கள் வந்துபோக நடுவில் ஒரு மணித்தியாலம் சரிந்தார். இரவு திரும்பவும் பஸ், திரும்பவும் மூன்று மணித்தியாலம். வெள்ளி விடியப்புறம் நீர்கொழும்பில் இறங்கி ஆறு மணிக்குப் படுத்தவரை எட்டரைக்கு வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் எழுப்பிவிட்டது. பத்து மணிக்கு ஸ்டாண்ட்பை தொடங்கியது. போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

டியூட்டி முடிந்ததிலிருந்து அழைப்பு வரும்வரை 61 மணித்தியாலம். அதில் நித்திரை, பஸ்ஸையும் சேர்த்து, 13 மணித்தியாலம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கடந்த 24 மணித்தியாலத்தில் குறைந்தது 5 மணி நித்திரை வேண்டும். கடந்த 48 மணித்தியாலத்தில் 12 மணி வேண்டும். வேலை முடியும்போது விழித்திருந்த நேரம், அந்த 48 மணித்தியாலத்தில் கொண்ட நித்திரையை விடக் கூடாது. கப்டனை இதில் வைத்துப் பாருங்கள். 24 மணியில் ஐந்தரை: முதலாவது படியைச் சொட்டாகத் தாண்டுகிறார். 48 மணியில் ஒன்பதரை: இரண்டாவதில் விழுகிறார். அன்றிரவு கோலாலம்பூர் போய்த் திரும்பியிருந்தால் தரையிறங்கும் நேரம் காலை 6:50. எட்டரைக்கு எழும்பியவர் அப்போது 22 மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருப்பார். மூன்றாவது படியின் பக்கத்திலும் நிற்க முடியாது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கைகண் ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. இவர் அதற்கு மேலும் ஐந்து மணித்தியாலம் தாண்டி, அதுவும் அதிகாலை இரண்டிலிருந்து ஆறு மணிவரை உடம்பு மிகவும் தாழ்ந்து கிடக்கும் வேளையைப் பறந்து கடந்து வந்து இறங்க வேண்டும்.

ரோஸ்டர் திரையில் இவற்றில் ஒன்றும் இல்லை. அங்கே விதிப்படி ஓய்வு போதும் என்று காட்டும் ஒரு பச்சைக் கோடு: 51:40.

நாலு நிமிடம்

“அண்ணை, கோலாலம்பூர் ஒண்டு இருக்கு. ஒன்பது மணி ரிப்போர்ட்.”

“தம்பி, என்னாலை இண்டைக்கு ஏலாது. நித்திரை இல்லை.”

“ரெண்டு நாள் ஓஃப் முடிச்சுப்போட்டுத்தானே அண்ணை வந்தனீங்கள்?”

“ஊருக்குப் போட்டு வந்தனான். தேர்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்ப சிக் எண்டு போடட்டே?”

“நான் வருத்தக்காரன் இல்லை. ஃபற்றீக் எண்டு போடும்.”

அந்தச் ‘சிக் எண்டு போடட்டே’ என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். தம்பி நல்ல மனதோடுதான் கேட்டார். சிக் என்று போட்டால் ஒரு மருத்துவச் சான்றிதழோடு கதை முடிந்துவிடும். ஃபற்றீக், அதாவது களைப்பு, என்று போட்டால் அறிக்கை, விளக்கம், பின்னால் ஒரு கூட்டம். இதனால் பல நிறுவனங்களில் களைத்த விமானிகள் ‘வயிற்றுக் குத்து’ என்கிறார்கள், மேசையும் தெரிந்துகொண்டே எழுதிக்கொள்கிறது. ஆளுக்கு நல்லது. ஆனால் வருடக் கடைசியில் பாதுகாப்புப் பிரிவு தரவை எடுத்துப் பார்க்கும்போது அந்த நிறுவனத்தில் களைப்பு என்ற ஒன்றே இருக்காது, வயிற்றுக் குத்து மட்டும் கூடியிருக்கும். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துக் கோத்துவிடும் எந்தச் சோடி விமானங்கள் ஆட்களைச் சாய்க்கின்றன என்று யாருக்கும் தெரியவராது. கப்டன் சிக் போட மறுத்தது வீம்பு என்று மேலாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த வருடம் முழுவதிலும் அந்த மேசைக்கு வந்த ஆகப் பிரயோசனமான தகவல் அதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது மேசைப் பக்கம். 7:20க்கு அந்த விமானத்தின் கப்டன் உணவு ஒவ்வாமை என்று அறிவித்துவிட்டார். அன்றைய ஸ்டாண்ட்பை கப்டன்கள் மூன்று பேர். ஒருவரை மத்தியானமே மழையால் பிந்திய ஒரு விமானத்துக்கு எடுத்தாகிவிட்டது. மற்றவரின் ஸ்டாண்ட்பை அதிகாலை 2 மணிக்குத்தான் தொடங்கும். மிச்சம் அண்ணை ஒருவர். டியூட்டி மனேஜர் தம்பியின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, ‘51 மணி ஓய்வு இருக்கே, பிறகென்ன?’ என்று கேட்கிறார். தம்பி மாலை ஏழு மணிக்கு வந்தவர், காலை ஏழுவரை இருக்க வேண்டும், அது அவருக்கு மூன்றாவது இரவு. அமெரிக்காவில் விமானத்தை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்சருக்குப் பத்து மணித்தியாலம் என்று விதியில் வரம்பு போட்டிருக்கிறார்கள். விமானிகளின் ஓய்வை எண்ணிக்கொண்டிருக்கும், தம்பியைப் போன்ற ஷெடியூலரின் நித்திரையை எண்ணுவதற்கு எவரும் இல்லை.

மனேஜர் இன்னொரு யோசனையும் சொன்னாராம்: வரச்சொல்லு, மேலே போய் ஆளுக்கு ஆள் மாறிக் கொஞ்சம் கண் அயரட்டும். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லா நிறுவனத்திலும் ஒருவராவது இருப்பார். 2010 மே 22 அன்று மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் குரல் பதிவில் கப்டனின் குறட்டை நீண்ட நேரம் கேட்டது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் தப்பினார்கள். ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழும்பியவுடன் மூளை முழுதாகத் திறக்காத அந்தக் கொஞ்ச நேரம் அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது. விதிப்படி அனுமதித்துத் திட்டமிட்டுக் கண் அயர்வது வேறு. நித்திரை இல்லாமல் வருகிறவரை ‘மேலே போய் நித்திரை கொள்ளட்டும்’ என்று ஏற்றிவிடுவது வேறு. 2024 ஜனவரியில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பாட்டிக் ஏர் விமானத்தில் கப்டன் துணை விமானியிடம் சொல்லிவிட்டுத்தான் கண் அயர்ந்தார். துணை விமானியும் தன்னை அறியாமல் அயர்ந்துபோனார். 153 பயணிகளோடு விமானம் 28 நிமிடம் எவரும் விழித்திராமல் பறந்தது. துணை விமானியின் வீட்டில் பிறந்து ஒரு மாதமான இரட்டைக் குழந்தைகள். அவருடைய ரோஸ்டரிலும் ஓய்வு பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

‘சரி, வாறன்’

விமானம் எப்படிப் போனது என்பதை இருவரும் சொல்லவில்லை. நான் கேட்டபோதுதான் வந்தது. அன்று ஓய்வு நாளில் இருந்த வேறொரு கப்டனுக்குத் தம்பி போன் போட்டார். அவர் ‘சரி, வாறன்’ என்றார். அதிகாலை 1:45க்கு விமானம் கிளம்பியது.

அந்தக் கப்டன் எத்தனை மணிக்கு எழும்பியவர்? காலை ஆறு மணிக்கு, மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போவதற்காக. பகல் முழுவதும் வெயிலில் மைதானத்தில். போய்த் திரும்பி இறங்கும்போது அடுத்த நாள் காலை பத்து மணி கடந்திருக்கும். அதாவது 28 மணித்தியாலம். ஓய்வு நாளில் இருந்தவர் என்பதால் திரையில் அவருடைய கோடு அண்ணையின் கோட்டைவிடப் பச்சை.

அவருக்கு நன்றி மின்னஞ்சல் போனது. அண்ணைக்குக் கடிதம் போனது.

இந்த ஆய்வில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கலாம் என்றால் நான் இதைச் சொல்வேன். தன் நிலையைச் சொன்னவர் கோப்பில் ஏறினார். சொல்லாமல் வந்தவர் நல்ல பெயர் எடுத்தார். அடுத்த முறை மேசையிலிருந்து அழைப்பு வரும்போது முழு விமானிகளும் இந்த இரண்டு பேரையும் நினைத்துத்தான் பதில் சொல்வார்கள். வந்த கப்டனைக் குறை சொல்லவில்லை. அவரிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்த மேசையில் இல்லை.

ஸ்டாண்ட்பையில் இருக்கும் இந்த ஓட்டை புதிதல்ல. 2017 ஜூலை 7 இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா 759 விமானம், ஓடுபாதை என்று நினைத்துப் பக்கத்து டாக்ஸிவேயில், அதாவது விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் பாதையில், இறங்கப் பார்த்தது. அங்கே நாலு விமானங்கள் புறப்பட வரிசையில் நின்றன. ஏறக்குறைய அறுபது அடி உயரம்வரை தாழ்ந்த பிறகுதான் மேலே ஏறியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் உலகம் பார்த்த ஆகப் பெரிய விமான விபத்துகளில் ஒன்றாகியிருக்கும். அந்தக் கப்டன், ஸ்டாண்ட்பை மாதிரியான ரிசர்வ் பணியிலிருந்து அழைக்கப்பட்டவர். 19 மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருந்தார். அன்றைய கனடா விதிகள் மாலையில் அழைக்கப்படும் ரிசர்வ் விமானிகளுக்குப் போதிய ஓய்வை உறுதிசெய்யவில்லை என்று அமெரிக்க விசாரணை சபை எழுதியது.

‘பகலில் ஸ்டாண்ட்பை என்றால் பின்னேரம் படுத்திருக்கலாமே’ என்று மேசையில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். உடம்பு அப்படி இயங்காது. வழமையாகப் படுக்கும் நேரத்துக்கு முந்திய சில மணித்தியாலங்கள்தான் நித்திரை வருவதற்கு ஆகக் கஷ்டமான வேளை. அலுப்பு இருக்கும், கண் மூடாது. அதிலும் தலைமாட்டில் எந்த நேரமும் அடிக்கக்கூடிய போன்.

பஸ்ஸில் வந்தது குற்றமா?

கடிதத்தின் சாரம் இது: ஸ்டாண்ட்பைக்கு முன் ஓய்வு எடுக்காமல் நீண்ட பிரயாணம் செய்ததற்கு விளக்கம் தரவும். கடிதத்தை நான் வாசித்தேன். எழுதியதில் பொய் இல்லை. ஓய்வுக்கு வாய்ப்புக் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு, அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவது விமானியின் பொறுப்பு என்பது உலகமெங்கும் ஒத்துக்கொண்ட கொள்கை. அண்ணை இரண்டு இரவையும் பஸ்ஸில் கழித்தார். அது அவருடைய தெரிவு.

இதே வாதம் 2009 பெப்ரவரி 12இல் பஃபலோவுக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்த பிறகு அமெரிக்காவில் நடந்தது. துணை விமானி நாட்டின் மேற்குக் கரையில் சியாட்டிலிலிருந்து இரவோடு இரவாகச் சரக்கு விமானங்களில் ஏறிக் கிழக்குக் கரையில் நியூவார்க்குக்கு வேலைக்கு வந்தவர். கப்டன் முந்தின இரவை விமானிகளின் ஓய்வறையில் கழித்தவர். விபத்துக்கு நேரடிக் காரணம் கப்டன் விமானத்தைக் கையாண்ட விதம் என்றும், களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் விசாரணை முடித்தது. 2014 ஜனவரியில் அங்கே புதிய விதிகள் வந்தன: வேலைக்கு முன் 10 மணித்தியால ஓய்வு, அதில் 8 மணித்தியாலம் தடையின்றி நித்திரைக்கான வாய்ப்பு. ஆனால் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பிரயாணத்துக்கு வரம்பு போடவில்லை. தேசிய ஆய்வுக் குழு ஒன்று ஆராய்ந்து, அப்படி ஒரு விதி போடுவதற்குப் போதிய தரவு இல்லை என்றது. தகுதியான நிலையில் வேலைக்கு வருவது உன் பொறுப்பு என்று விமானியிடமே விட்டுவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி வேறு மாதிரி விழுகிறது. இங்கே கொழும்பில் வேலை, ஊரில் குடும்பம் என்பது விமானிக்கு மட்டும் வந்த தலைவிதியல்ல. வைத்தியர், வங்கிக்காரர், கச்சேரி (மாவட்டச் செயலக) உத்தியோகத்தர் எல்லாரும் வெள்ளி இரவு பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புகிறவர்கள். திங்கள் காலை பஸ்ஸால் இறங்கி நேரே கந்தோருக்குப் போவதைப் பெருமையாகச் சொல்கிற ஆட்களும் உண்டு. ‘பஸ்ஸில் படுத்துக்கொண்டுதானே வந்தனான்’ என்றால் வீட்டில் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நாங்கள் அதை நித்திரைக் கணக்கில் சேர்த்தே பழகிவிட்டோம். அண்ணையும் அப்படித்தான் பழகியவர். வெள்ளி பின்னேரம் உடம்பு அசதியில் இழுக்கும்வரை தனக்கு நித்திரை போதாது என்றே அவர் நினைக்கவில்லை. இதை அவரே சொன்னார். களைத்தவனுக்குத் தன் களைப்பின் அளவு தெரியாது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஓரளவு நித்திரை கெட்டால் சோம்பல் தெரியும். அதையும் தாண்டினால் ‘சமாளிக்கலாம்’ என்ற தைரியம் வந்துவிடும்.

தேருக்குப் போனது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். தேர் முடிந்து அந்த இரவு வீட்டில் நித்திரை கொண்டு, வெள்ளி ஸ்டாண்ட்பையை வேறு ஒருவரோடு மாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். “மாத்துறதுக்கு ஆள் எங்கை இருக்கு?” என்றார். அந்தக் கேள்விதான் என்னை ஆளணிக் கணக்கின் பக்கம் அனுப்பியது.

எட்டு மாதம் முன்பு

வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாத ரோஸ்டரைப் போடுகிறவர் வேறு, இரவு போன் போடுகிறவர் வேறு. திட்டமிடல் பிரிவு மென்பொருளை வைத்து மாதம் முழுவதற்கும் விமானங்களைக் கோத்து ஆட்களுக்குப் பிரித்துவிட்டு ஒதுங்கிவிடும். பறக்கும் நாள் நெருங்கியதும் எல்லாம் கொன்ட்ரோல் மேசையின் தலையில். விமானிக்குத் தெரிந்த ஒரே குரல் மேசையின் குரல், ஆகவே ஏச்சு முழுவதும் அங்கே. கடிதத்துக்கு அடுத்த மாதம் அண்ணைக்கு அதிகாலை டியூட்டிகள் அடுக்கடுக்காக விழுந்தன. தம்பி பழிவாங்குகிறான் என்றே அவர் நினைத்தார். தம்பிக்கு அந்த ரோஸ்டரில் கை வைக்கிற அனுமதியே இல்லை. இதைத் தெரியாமலே இருவரும் பல மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தத் தளத்தில் ஒரு நாளைக்கு ஐந்து கப்டன்கள் ஸ்டாண்ட்பையில் இருந்த காலம் உண்டு. 2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து விமானிகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. இந்த நிறுவனத்திலும் போனார்கள். போனவர்களின் இடத்தை நிரப்பாமலே கோடை அட்டவணையில் ஒரு இரவுச் சேவையைக் கூட்டினார்கள். கூட்டல் கழித்தல் செய்து பார்த்தபோது ஐந்து மூன்றாகியது. ‘சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு பேரைத்தானே கூப்பிடுகிறோம், மூன்று போதும்’ என்று அதை முடிவுசெய்த கூட்டத்தில் சொல்லப்பட்டதாம். அந்த அழைப்புக்கு எட்டு மாதம் முன்பு. சராசரிக்குக் கிணறு வெட்டினால் சித்திரையில் தண்ணீர் இருக்காது, யாழ்ப்பாணத்தில் இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மழையும் ஒரு வயிற்றுக் கோளாறும் ஒரே நாளில் வந்தால் மூன்று காணாது. அன்று இரண்டும் வந்தன.

கப்டன் ஒருவரை இன்று வேண்டுமென்று நாளைக்கு எடுக்க முடியாது. ஆள் தேடி, சிமுலேற்றரில் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையில் பறக்கவிட்டுத் தனியே விட மாதங்கள் போகும். ஆகவே ஒரு வருடத்தின் இரவு இரண்டு மணிச் சண்டைகள் எத்தனை என்பதை முந்தின வருடத்து ஆளணி அட்டவணையே தீர்மானித்துவிடுகிறது. சண்டை பிடிக்கிற இருவரும் அந்த அறையில் இருந்தவர்கள் அல்ல.

இதே கணக்கு ஒரு நாடு முழுவதையும் உலுக்கியதை 2025 டிசம்பர் தொடக்கத்தில் பார்த்தோம். இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வாராந்த ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை ஆறுவரை நீண்டது. இரவு வேளைத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்களின் எதிர்ப்பு, விமானிகள் சங்கங்களின் வழக்கு எல்லாம் கடந்து 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் கட்டம் வந்து ஒரு மாதம் கடந்த கையோடு இண்டிகோ விமான நிறுவனத்தின் சேவைகள் குலைந்தன. டிசம்பர் 5ஆம் திகதி மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருவது அதே நிறுவனத்தின் ஏடிஆர் விமானங்கள் என்பதால், சென்னையில் வைத்தியத்துக்கு நாள் எடுத்தவர்களும் கல்யாணச் சேலைக்குப் போக இருந்தவர்களும் இங்கே போனும் கையுமாக இருந்தார்கள். ‘விமானிகள் ஓய்வு கேட்டு எங்களைத் தவிக்கவிட்டார்கள்’ என்று எங்கள் ஒழுங்கையிலும் பேச்சு. விதி ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னமே கையில் கிடைத்திருந்தது. அதற்குத் தேவையான ஆட்களை எடுக்கிற முடிவு விமானிகளுடையதல்ல. கடைசியில் என்ன நடந்தது? வாராந்த ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற பிரிவு மீளப்பெறப்பட்டது, இரவு விதிகளிலும் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்குக் கொடுக்கப்பட்டது. ஆள் குறைவின் விலையைத் திரும்பவும் நித்திரையால்தான் கட்டினார்கள்.

ஒரு தாள், இரண்டு கோடு

இருவரும் விடுமுறையில் ஊரில் நின்ற ஒரு பின்னேரம் நல்லூர்ப் பக்கம் ஒரு கூல்பாரில் உட்காரவைத்தேன். அண்ணை வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். நான் கொண்டுபோனது ஒரு தாளும் இரண்டு பேனையும் மட்டும். அண்ணை தன் மூன்று நாளையும் மணிவாரியாகக் கீறினார், நித்திரை வந்த இடத்தைக் கறுப்பாக்கினார். அதற்குக் கீழே தம்பி தன் மூன்று இரவையும் கீறினார்.

தம்பி அந்தக் கறுப்புத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: “இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை?”

“நீர் கேக்கேல்லையே தம்பி. ஓஃப் முடிச்சுத்தானே வந்தனீங்கள் எண்டல்லோ கேட்டனீர்.”

பிறகு அண்ணை கீழ்க்கோட்டைப் பார்த்தார். “உமக்கு மூண்டாவது இரவோ? மனேஜர் பின்னாலை நிண்டவரோ?” என்றார். ஐஸ்கிரீம் இருவருக்கும் உருகிவிட்டது. சமாதானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போகும்போது தம்பியின் மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் ஆகாமல் அண்ணை தள்ளிவிட்டார்.

மேசையில் அதற்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. தம்பியும் வேறு இரண்டு ஷெடியூலர்களும் கேட்டுப் பெற்றவை அவை, மேலே இருந்து வந்தவை அல்ல. முதலாவது, ஸ்டாண்ட்பை அழைப்பில் விமானத்தைச் சொல்லமுதல் ‘எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், நேற்றிலிருந்து எவ்வளவு நித்திரை’ என்று கேட்டு எழுதுவது. ஓய்வு நாளில் உதவிக்கு வருகிறவரிடமும் அதே கேள்வி. இரண்டாவது, ஃபற்றீக் அறிக்கை விமானிகளின் மேலாளரிடம் போகாமல் நேரே பாதுகாப்புப் பிரிவுக்குப் போவது. மூன்றாவது எனக்கு ஆகப் பிடித்தது: நாளைய ஸ்டாண்ட்பையில் முதலில் கூப்பிடப்போவது யாரை என்பதை முந்தின நாளே சொல்லிவிடுவது. இரவு டியூட்டி வரக்கூடும் என்று தெரிந்தவர் காலையில் பிந்தி எழும்புவார், மத்தியானம் படுப்பார், ஊர் பஸ்ஸில் ஏறமாட்டார். ஒரு சதமும் செலவில்லை.

முதல் மாதங்களில் ஃபற்றீக் அறிக்கைகள் கூடின. மேலாளர்கள் பதறினார்கள், விமானிகள் சலுகையைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று ஒரு கூட்டம்கூட நடந்தது. அதே மாதங்களில் சிக் அழைப்புகள் குறைந்திருந்ததைத் தம்பிதான் எடுத்துக் காட்டினார். வயிற்றுக் குத்துகள் தங்கள் உண்மைப் பெயருக்கு மாறியிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே சோடிச் சேவையில் வந்தவை. அந்தச் சோடியைப் பிரிக்கச் சொல்லித் திட்டமிடல் பிரிவுக்கு எழுதியிருக்கிறார்கள். பதில் வரவில்லை.

அண்ணை கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி விண்ணப்பித்தார். ‘பரிசீலனையில்’ என்று பதில். ஸ்டாண்ட்பை கப்டன்கள் இப்போதும் மூன்று பேர்தான். புதிதாக எடுத்த இருவர் பயிற்சியில் இருக்கிறார்கள், அவர்கள் தனியே பறக்கத் தொடங்கும் மாதத்திலேயே இன்னொரு இரவுச் சேவையைத் தொடங்குவதற்கு அட்டவணை போட்டாகிவிட்டது.